மாப்பிள்ளை வீட்டு வரிசையில் உலக வரலாறு

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தனை குழந்தைகளும் ஒன்றாகத் தூங்கும். அந்த நேரத்தில் எனக்கும் கண் சொக்கும். தூங்காமல் இருப்பதற்காகத்தான் நான் புத்தகம் எடுக்க ஆரம்பித்தேன். அது வளர்ந்து வளர்ந்து, முப்பத்து நாலு வயதில் ஒரு வெளிவாரிப் பட்டப் படிப்பில் கொண்டுபோய் விட்டது.

எங்களுக்கு இருந்த பாடங்களிலேயே மோசமானது உலக வரலாறு. ஆதி நாகரிகங்களில் தொடங்கி ஐரோப்பிய மறுமலர்ச்சியில் முடியும். நடுவில் எத்தனை ராஜ்யம் எழுந்து எத்தனை ராஜ்யம் விழுந்ததென்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்ல வராது. அதைப் படிப்பிக்க மட்டக்களப்புப் பக்கமிருந்து ஒரு சேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு வருவார். உயரமான, மெலிந்த மனிதர். வாயைத் திறந்தால் அச்சடித்த தமிழ்தான் வரும். தேநீர்க் கடையில்கூட, "தம்பி, எமக்கு ஒரு வெறுந்தேநீர் அருள்வீராக" என்றுதான் கேட்பார். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கேத்தலைத் தூக்குவார்.

அந்த வருடம் மழை விட்டபாடில்லை. ரோட்டெல்லாம் மண் சரிந்து சேர் இரண்டு மாதம் வரவே இல்லை. சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். வரும் ஞாயிறு மீட்டல் வகுப்பு. மெசப்பத்தேமியா முதல் மறுமலர்ச்சி வரை ஒரே நாளில். மாலை நாலு மணி பஸ்ஸில் அவர் திரும்ப வேண்டும்.

எங்கள் வகுப்பு வழக்கமாக நடப்பது பஸார் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடி ஹோலில். கடைக்கும் ஹோலுக்கும் சொந்தக்காரர் ஒரு ஹாஜியார். நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது அவருக்கு. அதுதான் அன்றைக்குப் பிரச்சினையாகப் போனது.

ஞாயிறு காலை நான் படியேறிப் போனபோது ஹோல் கதவில் வாழை மரம் கட்டியிருந்தது. உள்ளே நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை போட்டு, பின்னால் ரோஸ் நிற ரிப்பன் முடிந்திருந்தார்கள். மேடையில் இரண்டு பேர் உட்காரும் சிவப்பு சோபா. நடுவில் எங்கள் சேர், கக்கத்தில் சுருட்டிய உலகப் படத்தோடு, காய்ச்சல் கண்டவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் என் வகுப்புத் தோழர், வெலிமடையில் லீக்ஸும் கிழங்கும் லொறியில் ஏற்றும் வியாபாரி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நம்ம வகுப்புக்கா இவ்வளவு அலங்காரம்?" என்று என்னிடம் கேட்டார் அவர். பிள்ளைக்காம்பரா வேலையால் வகுப்பில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

ஹாஜியார் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"சேர், கோவிச்சிக்காதீங்க. ஒங்களுக்கு ஹோல் தாரன்டு நான் சொல்லிட்டன். கலியாண ஊட்டுக்குத் தாரன்டு மகன் சொல்லிட்டான். ரெண்டு பேரும் வாக்குக் குடுத்தாச்சி. இப்ப என்னத்த செய்ற?"

"ஐயா, ஒரே மண்டபத்தில் இரண்டு நிகழ்வுகள் எங்ஙனம் நடைபெறும்?" என்றார் சேர்.

"அதத்தான் நானும் ஓசிக்கிறன்" என்று ஹாஜியார் ஒரு கல்யாண நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினார்.

அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா வந்து சேர்ந்தார். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணி. புது வேட்டி, புதுச் சட்டை, சட்டைப் பையில் மடிப்புக் கலையாத கைலேஞ்சி. முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது. விடியக்காலையிலேயே கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் முதல் நாளே பதுளைக்கு வந்து தங்கிவிட்டார்கள். ஆனால் மாப்பிள்ளையின் சொந்தபந்தம் முழுவதும் வெலிமடையிலிருந்து ஒரு தனி பஸ்ஸில் வருகிறது. அந்த பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் மண் விழுந்துவிட்டதாம். மண்ணை அள்ள மெஷின் வரவேண்டுமாம்.

"நான் வரும்போது ரோடு கண்ணாடி மாதிரி இருந்துச்சே" என்றார் என் தோழர். அவர் சொன்னது யாருக்கும் ஆறுதலாக இல்லை.

கங்காணி ஹோலை ஒரு சுற்றுப் பார்த்தார். நடுவில் பாதை விட்டு இரண்டு பக்கமும் நாற்காலி. இடது பக்கம் பெண் வீடு. மடுல்சீமையிலிருந்து வந்த ஆட்கள் ஏற்கெனவே குழந்தை குட்டிகளோடு ஏறிவந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். வலது பக்கம் மாப்பிள்ளை வீடு. அங்கே ரோஸ் ரிப்பன் மட்டும் இருந்தது.

"வீடியோக்காரரு பகல் வரைக்கும்தான் இருப்பாராம். அதுக்கப்புறம் வேற கல்யாணம். மாப்பிள்ள பக்கம் இப்படி மொட்டையாக் கெடந்தா, நாளைக்கு வீடியோவப் பாக்குறவன் என்னா சொல்லுவான்? என் மகள ஒருத்தரும் இல்லாதவனுக்குக் குடுத்துட்டேன்னு சொல்லுவான்" என்றார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அதற்குள் எங்கள் வகுப்பில் எல்லோரும் வந்திருந்தோம். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம்.

"நீங்க அந்தப் பக்கம் ஒக்காந்து படிங்களேன்?"

சேர் படத்தை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார்.

"நாங்க ஒன்னுஞ் சொல்ல மாட்டோம் சேர். நீங்க பாட்டுக்குப் படிப்பிங்க. போட்டோ எடுக்குறப்ப மட்டும் எந்திரிச்சு நின்னா போதும். பகலைக்கு புரியாணி இருக்கு."

ஹாஜியார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "மாஷா அல்லாஹ்! இதத்தான் நானும் ஓசிச்சிட்டு இருந்தன்."

சேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐயாயிரம் வருடச் சங்கதி பாக்கி கிடந்தது. "சம்மதம். எனினும் பாடம் தடைப்படலாகாது" என்றார்.

இப்படித்தான் நாங்கள் மாப்பிள்ளை வீட்டாரானோம். உலகப் படத்தை எங்கே மாட்டுவதென்று தெரியவில்லை. கடைசியில் மேடையின் பக்கத்தில் ரெஜிபோம் அட்டையில் இதய வடிவம் வெட்டி ஒட்டியிருந்த பலகைமேல் தொங்கவிட்டார்கள். இதயத்தின் கூரான அடிப்பகுதி மட்டும் படத்துக்குக் கீழே தெரிந்தது.

சேர் முதலில் மெல்லிய குரலில்தான் தொடங்கினார். யூப்பிரட்டீஸ், தைகிரிஸ், இரண்டு ஆறுகளுக்கு நடுவில் வண்டல் மண், அதில் பார்லி. நாங்கள் மடியில் கொப்பியை வைத்து எழுதினோம். பெண் வீட்டுப் பக்கம் பிஸ்கட் தட்டு சுற்றியது. ஆனால் ஹோலில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. பெண்ணின் அப்பா சவுண்ட்ஸ்காரரிடம் போய்க் காதில் ஏதோ கேட்டார். அவர் கையை விரித்தார். பாட்டெல்லாம் அடங்கிய பென் ட்ரைவ் மாப்பிள்ளையின் தம்பியிடம் இருக்கிறது. தம்பி அந்த பஸ்ஸில் இருக்கிறான்.

கங்காணி நேராக சேரிடம் வந்து கையில் மைக்கைத் திணித்தார்.

"கல்யாண வீடு மாதிரியே இல்ல சேர். எழவு வீடு மாதிரி சத்தமில்லாமக் கெடக்கு. நீங்க இதுல பேசுங்க. என்னமாச்சும் ஒரு சத்தம் இருக்கட்டும்."

மைக் கையில் வந்ததும் சேர் வேறு மனிதராகிவிட்டார். தோள் நிமிர்ந்தது. "சுமேரியர்!" என்றார். ஸ்பீக்கரில் அது மோதி எதிரொலித்தது. பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஆப்பெழுத்தைப் பற்றி அவர் சொன்னபோது பெண் வீட்டுப் பக்கம் ஒரு பெரியவர், "களிமண்ணுல எழுதினா மழைக்குக் கரையாதா?" என்று கேட்டார். "சுட்டு எடுத்தனர் ஐயா" என்று சேர் சொன்னார். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார். வீடியோக்காரர் கமராவை சேர் பக்கம் திருப்பினார்.

மணமக்கள் மேடைக்கு வந்து உட்கார்ந்தபோது எகிப்து நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி இருந்தார். கோட்டு அவருக்குக் கொஞ்சம் பெரிது. பெண் அப்படி இல்லை. பார்வையை சேர் பக்கமே வைத்திருந்தாள். பிரமிட்டையும் பதனிட்ட உடல்களையும் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தவள், சட்டென்று கையை உயர்த்தினாள். வளையல் எல்லாம் முழங்கைக்கு இறங்கின.

"சேர், ஒரு கேள்வி. அந்தக் காலத்துல எகிப்துல பொம்பளைங்க பேர்ல சொத்து வச்சிருக்க முடியுமா?"

"அருமையான வினா!" என்றார் சேர். "முடியும் மகளே. எகிப்தியப் பெண்கள் நிலம் வைத்திருந்தனர், வழக்குத் தொடுத்தனர், வேண்டுமெனில் மணமுறிவும் கோரினர்."

மணமுறிவு என்ற சொல் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி ஹோல் முழுக்கச் சுற்றி வந்தது. மாப்பிள்ளை முதன்முறையாகத் தலையைத் தூக்கினார். கங்காணி ஓடிவந்து மைக்கைக் கையால் மூடினார்.

"சேர், ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். கொஞ்சம் மங்கலமான வார்த்தையாப் பாத்துச் சொல்லுங்க. அழிஞ்சிச்சு, செத்துச்சு, பிரிஞ்சிச்சு, இதெல்லாம் இன்னைக்கு வேணாம்."

சேர் இதை மனத்தில் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு சிந்துவெளி நகரங்கள் அழியவில்லை. "ஓய்வு பெற்றன." ஆனால் இப்படிச் சொல்லும்போதெல்லாம் அவருடைய நெற்றியில் வியர்த்தது. நாங்களும் எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

சீனத்து மஞ்சள் ஆற்றுக்கு வந்தபோது பெண்ணின் அம்மா என் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு வெள்ளிக் கிண்ணம். பாலில் வாழைப்பழம் நறுக்கிப் போட்டிருந்தது.

"டீச்சரம்மா, ஒரு ஒத்தாச செய்யணும். பன்னண்டு மணிக்கு எமகண்டம் பொறந்துரும். அதுக்கு முன்ன பொண்ணு மாப்பிள்ளைக்குப் பால் பழம் குடுக்கணும். நாத்தனாதான் குடுக்கணும். அவ பஸ்ல மாட்டிக்கிட்டா. நீங்க அந்தப் பக்கம்தானே ஒக்காந்திருக்கீங்க?"

"அம்மா, நான் வேதக்காரி" என்றேன்.

"அதனால என்னாம்மா? பால்தானே, பழந்தானே."

"எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல."

"நாத்தனாவுக்கும்தான் ஆகல. எல்லாம் சரியா இருக்கு, வாங்க."

என் தோழர் என் கொப்பியை வாங்கிக்கொண்டு, "நீங்க போங்க டீச்சர், நான் சீனாவ எழுதி வைக்கிறேன்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது.

நான் மேடையேறினேன். என் காலில் இருந்தது மழைக்குப் போடும் ரப்பர் செருப்பு. மாப்பிள்ளையின் அம்மா சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் இருந்தார். அண்மையில்தான் கண்ணில் ஒப்பரேஷன் செய்திருந்தார்களாம். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்து, "ஏன்டி இவ்வளவு லேட்டு?" என்றார்.

"ரோட்டுல மண்ணு விழுந்துருச்சும்மா" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதானே.

"சரி சரி, தம்பிக்கு முதல்ல குடு."

தம்பிக்கு, அதாவது மாப்பிள்ளைக்கு, கொடுத்தேன். அந்த மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். பிள்ளைக்காம்பராவில் மருந்து கொடுக்கும்போது குழந்தைகள் திறக்கிற மாதிரியே இருந்தது. பழக்கதோஷத்தில் நான் "ஆ காட்டுங்க" என்று சொல்லி, ஊட்டி முடிந்ததும் என் லேஞ்சியால் அவர் வாயையும் துடைத்துவிட்டேன். பெண் வீட்டுப் பெண்கள், "எவ்வளவு பாசமான அக்கா பாரு" என்று பேசிக்கொண்டார்கள். பெண் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சீனாவுல பொம்பளைங்களுக்கு எப்படி அண்ணி?" என்று கேட்டாள்.

"இன்னும் சொல்லல, கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

சாப்பாடு வந்தது. கிரேக்கமும் ரோமும் புரியாணியோடு நடந்தன. நாங்கள் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் கொப்பியில் கிறுக்கினோம். பெண்ணின் சித்தி என் தோழருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்தார். அவரும் வெலிமடைக்காரர் என்ற உரிமையில் அள்ளி விட்டார். வாசலுக்கே பைப் தண்ணி, பின்னால் தோட்டம், ஓட்டு வீடு, நாய்கூட வளர்க்கிறார்கள் என்றார். மாப்பிள்ளையை அவர் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தார்.

ரோமப் பேரரசு வீழ்ச்சியடையாமல் "நிறைவெய்திய" பிறகு சேர் மத்திய காலத்துக்கு வந்தார். நிலப்பிரபு, அவருடைய நிலம், அந்த நிலத்தை விட்டுப் போக முடியாத குடிகள். குடியிருக்கும் வீடு பிரபுவுடையது. பிரபுவைக் கேட்காமல் கல்யாணம்கூடச் செய்ய முடியாது. தோட்டத்து லயக் காம்பராக்களில் குடியிருக்கும் பெண் வீட்டார் பக்கம் பேச்சு அடங்கிவிட்டது. இத்தனை நேரம் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

களிமண்ணைப் பற்றிக் கேட்ட அதே பெரியவர் எழுந்தார். "அவுங்க இருந்த லயத்துக்குக் கூர ஓடுங்களா, தகரமுங்களா?"

"வைக்கோல் ஐயா."

"ஒழுகுமே?"

"ஒழுகியது ஐயா."

"அவுங்களுக்குக் காணி உறுதிப் பத்திரம் குடுத்தாங்களா, இல்லீங்களா?"

"சில நூற்றாண்டுகள் கழித்து, ஓரளவு."

"அப்ப நமக்கு இன்னும் டைம் இருக்கு" என்று சொல்லி அவர் உட்கார்ந்தார். ஹோல் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அந்த உலகப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சிரிப்பில் சேருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, சவுண்ட்ஸ்காரரும் சத்தத்தைக் கூட்டினார். மங்கல வார்த்தை என்ற ஒப்பந்தம் சேருக்கு அடியோடு மறந்துபோனது. அவர் கொள்ளை நோய்க்கு வந்துவிட்டார்.

அதே நேரம் கீழே, நாங்கள் யாரும் அறியாமல், வெலிமடை பஸ் வந்து நின்றது. ரோட்டில் மண்ணோடும் மழையோடும் அரை நாள் கிடந்து, பசியோடும் சேற்றுக் காலோடும் இறங்கிய சனம், ஹாட்வெயார் கடைப் பக்கத்துப் படியில் ஏற ஆரம்பித்தது. அவர்கள் காதில் முதலில் விழுந்தது இதுதான்.

"வீட்டுக்கு வீடு மரணம்! காலையில் சிரித்தவர் மாலையில் இல்லை! பிணங்களைப் புதைப்பதற்கு ஆளில்லை! தாய் பிள்ளையைக் கைவிட்டாள்!"

படியில் முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. அவர் அப்படியே உட்கார்ந்து, "ஐயோ, என் ராசா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்த பெண்களுக்கு என்ன ஏது என்று தெரியாது. பெரியம்மா அழுதால் சும்மா அழமாட்டார் என்பது மட்டும் தெரியும். அவர்களும் ஒரே குரலில் தொடங்கிவிட்டார்கள். அந்த ஒப்பாரி படியேறி உள்ளே வந்தது. உள்ளே இருந்த பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டில் யாரோ மண்சரிவில் போய்விட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்று அழ ஆரம்பித்தார்கள். சேர் மைக்கைப் பிடித்தபடி, இந்த அளவுக்குத் தன் பாடம் யாரையும் தொட்டதில்லையே என்ற முகத்தோடு நின்றார்.

முதலில் நிதானத்துக்கு வந்தவர் ஹாஜியார். படியில் நின்று இரண்டு கையையும் தூக்கி, "ஒருத்தரும் மௌத்தாகல்ல! ஒருத்தரும் மௌத்தாகல்ல! அது ஐரோப்பா!" என்று கத்தினார்.

"ஐரோப்பாவுல யாரு நம்மாளு?" என்று கேட்டார் பெரியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எல்லோரும் உயிரோடு இருப்பது தெளிவானதும் அடுத்த சங்கடம் ஆரம்பித்தது. உள்ளே வந்தவர்கள் தங்கள் நாற்காலிகளைப் பார்த்தார்கள். பின்வரிசை நாற்காலிகள் எல்லாம் காலியாகத்தான் இருந்தன. ஆனால் முன்வரிசையில் முன்பின் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர், புரியாணி எலும்பு வைத்த தட்டோடும் கொப்பியோடும் உட்கார்ந்திருந்தோம். மேடையில் மணமகளுக்குப் பக்கத்தில், குடும்பப் போட்டோவுக்காகக் கூப்பிட்டு நிறுத்தப்பட்டு, நான் நின்றுகொண்டிருந்தேன். முழங்கால் வரை சேறு அப்பிய பட்டுச் சேலையில் ஒரு பெண் நேராக என் முன்னால் வந்தாள்.

"யாரு நீங்க?"

போட்டோக்காரர் உதவி செய்கிற நினைப்பில், "இவங்க மாப்பிள்ளையோட அக்கா" என்றார்.

"அப்ப நான் யாரு?"

கங்காணி கையைப் பிசைந்தார். பெண்ணின் அம்மா பால் பழக் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தார். எனக்குக் காது வரை சுட்டது. இறங்கி ஓடிவிடலாமென்றால் போட்டோக்காரர் வழியில் நின்றார்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சத்தம் போடாத. நீ வரல, நேரம் போகுது, இந்தப் புள்ளதான் குடுத்துச்சு."

"ஒங்களுக்குத் தெரியுமாம்மா, நான் இல்லன்னு?"

"தெரியாம என்னா? கையத் தொட்டதுமே தெரிஞ்சிருச்சு. நீ ஒரு நாளாச்சும் தம்பி வாயத் தொடச்சு விட்டுருக்கியா?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி மறுபடியும் தரையைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேற்றுக் காலோடு மேடையேறி என் பக்கத்தில் நின்று, "எடுங்க போட்டோவ" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் மெதுவாக, "சாப்பாடு மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

அவ்வளவாக இல்லை. நாங்கள் தின்றது ஒரு பக்கம், பாடம் கேட்ட உற்சாகத்தில் பெண் வீட்டார் இரண்டாம் தரம் வாங்கியது ஒரு பக்கம். ஹாஜியார் தன் வீட்டுக்கும் தெரிந்த ஹோட்டலுக்கும் ஆளனுப்பி, சட்டி சட்டியாகச் சோறும் கறியும் கொண்டுவரச் செய்தார். அவை வந்து சேர்வதற்குள் பசியோடிருந்த சனம் முகத்தைத் தூக்க ஆரம்பித்தது. பென் ட்ரைவும் வந்திருந்தது, ஆனால் மழையில் நனைந்து அது வேலை செய்யவில்லை. கங்காணி சேரைப் பார்த்தார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"சேர், பொண்ணு மாப்பிள்ளைய வாழ்த்தி நாலு வார்த்த பேசுங்க. இங்க மைக்குல பேசத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தருதான்."

"எமக்கு இன்னும் மறுமலர்ச்சி எஞ்சியுள்ளதே" என்றார் சேர். அழுதுவிடுவார் போலிருந்தது.

"அதுவும் மங்கலமான பேராத்தானே இருக்கு? அதையே பேசிருங்க."

சேர் மேடைக்கு நடுவில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"மணமக்களே! மாணவர்களே! இத்தாலிய நகரங்களில் வணிகம் செழித்தது. செல்வந்தர் கலைஞரை ஆதரித்தனர். மறந்துபோன பழைய நூல்களை மக்கள் தேடி எடுத்து மீண்டும் படித்தனர். அச்சு இயந்திரம் வந்தது. முன்பு ஒருவர் கையால் எழுதிய நூலை, இப்போது ஊரே வாசித்தது. எனவே மணமகளே, நீ படிப்பை நிறுத்தாதே. மணமகனே, நீர் அவளைத் தடுக்காதீர். அடுத்து, ஓவியம். அக்கால ஓவியர் தூரத்தை வரையக் கற்றனர். அண்மையில் உள்ளது பெரிதாகத் தெரியும், சேய்மையில் உள்ளது சிறிதாகத் தெரியும். மாமியாரும் மருமகளும் இதனைக் கவனிக்க. மனித உடலை அறுத்து ஆராய்ந்தனர்..."

கங்காணி இருமினார்.

"...அதனைத் தவிர்ப்போம். மனிதரை மதிக்க வேண்டும் என்றனர். இத்துடன் பாடத்திட்டம் நிறைவுற்றது. மணமக்கள் நீடூழி வாழ்க."

அப்படி ஒரு கைதட்டலை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. வெலிமடை பெரியம்மாகூட விசிலடித்தார் என்று என் தோழர் சொன்னார். நான் பார்க்கவில்லை. சேரை நாலு மணி பஸ்ஸில் ஏற்றிவிட நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். பஸ் நகர்ந்த பிறகுதான் உலகப் படம் மேடையிலேயே தொங்குவது நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு சோதனை. கேள்வித்தாளைப் பிரித்தேன். மறுமலர்ச்சிக் கால ஓவியத்தின் சிறப்பியல்புகளை ஆராய்க என்று ஒன்று. தூரத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். மாமியார் மருமகள் என்று ஓர் இடத்தில் கை போய்விட்டது, அடித்துத் திருத்தினேன். ரோமப் பேரரசு பற்றிய கேள்விக்குத்தான் திணறினேன். வீழ்ச்சிக்கான காரணங்களைக் கேட்டிருந்தார்கள். என் கொப்பியில் இருந்ததெல்லாம் நிறைவுக்கான காரணங்கள். ஒரு வழியாகச் சித்தியடைந்தேன், சாதாரண சித்திதான். என் தோழரும் பாஸ். எனக்காக அவர் எழுதிவைத்த சீனா மட்டும் ஒரே ஒரு வரியில் இருந்தது. "மஞ்சள் ஆறு, டீச்சர் பால் பழம் குடுக்கிறார்."

சேருக்கு மடுல்சீமைப் பக்கமிருந்து அதற்குப் பிறகு இரண்டு கல்யாணத்துக்கு அழைப்பு வந்ததாம். ஒன்றுக்குப் போனாராம். கைத்தொழில் புரட்சியைப் பேசினாராம்.

பெண்ணை அத்தோடு மறந்துவிடுவேன் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் போன் வந்தது.

"அண்ணி, வாசலுக்கே பைப்னு சொன்னீங்களாமே. இங்க தண்ணிக்குக் கீழ எறங்கி ஏறணும்."

"அது நான் சொல்லலம்மா. எங்கூடப் படிக்கிறவரு சொன்னது."

"நாயாச்சும் இருக்கும்னு பாத்தேன், அதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு, சீனாவில் பெண்களுக்கு எப்படி என்று நான் இன்னும் சொல்லவில்லை என்றாள். புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்துச் சொன்னேன். நல்ல செய்தி ஒன்றும் இல்லை. "அப்ப எகிப்துதான் சரி" என்றாள்.

அதன் பிறகு அவ்வப்போது போன் வரும். அவள் விட்டுப்போன சாதாரணதரப் பரீட்சையை மறுபடி எழுதப் போகிறாள் என்றும், புருஷன் வகுப்புக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார் என்றும் தெரிந்தது. அவருடைய குரலை நான் இதுவரை கேட்டதில்லை.

போன மாதம் அவளுக்கு வளைகாப்பு. என்னையும் கூப்பிட்டார்கள். வெலிமடைக்குப் போனேன். வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் அம்மா, இப்போது கறுப்புக் கண்ணாடி இல்லாமல், பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கல்யாண அல்பத்தைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். என் தோழர் ஹெல்மெட்டோடு நிற்கும் படம் வந்தது. "இது எங்க ஒன்னுவிட்ட அண்ணன் மகன், லீக்ஸ் யாவாரம்" என்றார். சேர் படம் வந்தது. "இது மட்டக்களப்புல இருக்குற பெரியப்பா. பெரிய படிப்பு. எங்க குடும்பத்துல கல்யாணம்னா அவர்தான் பேசுவாரு."

நான் அங்கேயே நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வா, வா. இதுதான் என் மூத்தவ, ஹாலிஎலயில இருக்கா, டீச்சர்" என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிட்டு, "ஏன்டி நின்னுக்கிட்டு? உள்ள ஆளுக்கு ஆள் வேல பாக்குறாங்க" என்றார்.

குசினியில் மாப்பிள்ளையின் நிஜமான அக்கா, என் தங்கை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான், ஒரு கூடை லீக்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் இன்னொரு கத்தியை எடுத்து நீட்டினாள். பையை ஒரு மூலையில் வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். லீக்ஸில் மண் நிறைய இருந்தது.